வாசனை தின்னும் மெஷின்

மகள் கடைக்குள் நுழைந்தபோது மாஸ்டர் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார். தோள்வரை உள்ளே, மீதி ஆள் வெளியே. நல்லவேளை, எண்ணெய் இன்னும் சூடாகவில்லை.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"துடைக்கிறேன்மா."

துடைக்கிறவர் கையில் துணி இல்லை. மகள் அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. அம்மா போனதிலிருந்து அப்பா செய்கிற பாதிக் காரியங்களைக் கேட்காமலே விட்டுவிட அவள் பழகியிருந்தாள். கல்லாவைத் திறந்து வைத்துவிட்டு மேசை துடைக்கப் போனாள்.

மாஸ்டர் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினை ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் காலையில் யாரும் வருவதற்குள் அவர் செய்கிற வேலை இது. நேற்றுப் பொரித்த மீனோ, நேற்று வதக்கிய வெங்காயமோ, ஏதாவது ஒன்றின் வாசனை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று ஒரு நப்பாசை. ஒன்றும் இருக்காது. கழுவிக் கவிழ்த்த அண்டாவுக்குள் முகத்தை விட்ட மாதிரி இருக்கும்.

நரைத்த மீசை வைத்த மனிதர் ஒரு இரும்புப் பெட்டியை மோந்து பார்க்கிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? அதைச் சொல்லிவிட்டே மேலே போவோம்.

அது ஒரு பொரியல் கடை. குடியிருப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு அறை, பின்னால் அடுப்படி, அடுப்படிக்கு ஒரு ஜன்னல். மீன், கோழி, உருளைக்கிழங்கு, எதைப் போட்டாலும் அந்தப் பெரிய எண்ணெய்ச் சட்டியில்தான் போடவேண்டும். மாஸ்டர் பொரிப்பார், மனைவி பொடி அரைத்து, பிரட்டி, தட்டில் வைப்பார். சட்டியிலிருந்து கிளம்புகிற புகைக்குப் போக்கிடம் அந்த ஜன்னல். ஜன்னலைத் தாண்டினால் நேராக மேல்மாடி பால்கனி.

அந்த மாடியில்தான் மாடியம்மா இருந்தார். தனி ஆள். மூக்கு மட்டும் நாலு ஆளுக்குச் சமம். கீழே என்ன மீன், எண்ணெய் புதுசா பழசா, பொடியில் மிளகு கூடிவிட்டதா, எல்லாம் பால்கனியில் நின்றபடியே சொல்லிவிடுவார். சொல்வதற்கு முன்னால் பூண்டு நசுக்குகிற இரும்பு உலக்கையால் தரையில் நங்கென்று ஒரு இடி. கீழே மாஸ்டரின் மனைவி நீளக் கரண்டியால் கூரையில் டங்கென்று ஒரு தட்டு. அதன்பிறகு இருவரும் ஜன்னலுக்கு வந்து ஆரம்பிப்பார்கள். துவைத்துக் காயப்போட்ட போர்வையெல்லாம் மீன் நாற்றம், தூக்கத்தில்கூட மீன்தான் கனவில் வருகிறது என்பார் அவர். மாதம் பூராவும் ஓசியில் வாசனை பிடிக்கிறவர்கள் ஒருநாளாவது நன்றி சொன்னதுண்டா என்பார் இவர். வாய் ஓய்ந்ததும் மாஸ்டரின் மனைவி ஒரு தட்டில் நாலு துண்டு மீன் வைத்து மாடிக்குக் கொடுத்து அனுப்புவார். தட்டு கழுவித் துடைத்துத் திரும்பி வரும். மறுநாள் மறுபடி நங்.

இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. கடைசியில் கட்டட ஓனர் காதுக்கு விஷயம் போய், அவர் வந்து கெடு வைத்தார். மொட்டைமாடிவரைக்கும் புகைக்குழாய் போட மற்ற மாடிக்காரர்கள் சம்மதிக்கவில்லை. ஆகவே புகைக்குழாயே வேண்டாத மெஷின் ஒன்று வாங்கவேண்டும். அதற்குப் பிறகும் புகையோ வாசனையோ மேலே போய், மாடியம்மா ஒரு தடவை குறை சொன்னாலும், கடைச் சாவியைக் கொடுத்துவிடவேண்டும். ஓனர் இதை வாசலில் நின்று உரக்கச் சொன்னதால் தெரு முழுக்க எல்லோருக்கும் தெரிந்துபோனது.

மெஷின் கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். அலமாரி மாதிரி இருக்குமாம். மேல் கதவில் போட்டால் உள்ளேயே பொரிந்து கீழ்க் கதவில் வந்து விழுமாம். புகையை அதுவே இழுத்து, அதன் தலையில் இருக்கிற ஃபில்டர் அதைக் குடித்துவிடுமாம். புகையும் வராது, வாசனையும் வராது, பக்கத்தில் தூங்குகிற குழந்தைகூட எழுந்திருக்காது என்றார். தூங்குகிற குழந்தைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று மாஸ்டரின் மனைவி கேட்டார். கம்பெனிக்காரர் சிரித்துச் சமாளித்தார்.

மெஷின் வருவதற்குள் காய்ச்சல் வந்தது. புருஷன், பெண்டாட்டி இருவரையும் ஒரே வாரத்தில் சேர்த்துப் படுக்கவைத்த காய்ச்சல். மாஸ்டர் எழுந்தார். மனைவி எழவில்லை. எழுந்து நின்று வழியனுப்பக்கூட மாஸ்டருக்குத் தெம்பு இருக்கவில்லை. பக்கத்து அறையில் ஆட்கள் தூக்குகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அந்த வாரத்திலேயே யாரும் இல்லாத கடையில் மெஷின் வந்து இறங்கியது.

உடம்பு தேறி மாஸ்டர் கடையைத் திறந்த அன்று மெஷினில் முதல் கூடை வெங்காயத்தைப் போட்டார். வெங்காயம் பொன்னிறமாக வந்து விழுந்தது. வாசனை வரவில்லை. கம்பெனிக்காரர் சொன்னது அத்தனையும் சத்தியம் என்று நினைத்த மாஸ்டர் அடுத்த கூடையைப் போடாமல் அப்படியே நின்றுவிட்டார்.

ஏனென்றால் அந்த வாசனைதான் அவர் மனைவி. எண்ணெயில் வெங்காயமும் மிளகும் சேர்ந்து வருகிற அந்த வாசனை மனைவியின் தலைமுடியில் இருக்கும், சேலைத் தலைப்பில் இருக்கும், தலையணையில் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போவதில்லை என்று அவர் சலித்துக்கொள்வார். ஆள் போனாலும் அது கடையில் இருக்கும், தினமும் அடுப்பைப் பற்றவைத்தால் வந்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டுதான் மாஸ்டர் படுக்கையைவிட்டு எழுந்ததே.

மனைவி அரைத்து வைத்துவிட்டுப் போன பொடி ஒரு தகர டப்பாவில் அரைவாசி இருந்தது. அதைத் திறந்து முகத்தை வைத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. டப்பா இத்தனை நாள் மெஷின் பக்கத்தில் இருந்ததால் பொடியின் வாசனையையும் அது இழுத்துவிட்டது என்று முடிவு செய்து, டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துணியில் சுற்றி வைத்தார். வீட்டில் தலையணையிலும் சேலையிலும் தேடினார். காய்ச்சல் வீடு என்று மகள் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுத் துவைத்திருந்தாள். அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். சோறு வாயில் காகிதம் மாதிரி இருந்தது. துக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், நாளானால் சரியாகும் என்றார்கள்.

இதையெல்லாம் வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். செத்துப்போன பெண்டாட்டியின் வாசனையைத் தேடுகிறேன் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே சுற்றி வளைத்துக் கேட்பார். மதியம் தவறாமல் வந்து சாப்பிடுகிற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். அவரிடம் தட்டை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"டிரைவரே, வாசனை ஏதாவது வருதா?"

டிரைவர் மெல்லுவதை நிறுத்தினார். கூரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், குரலைத் தணித்தார்.

"சுத்தமா இல்ல மாஸ்டர். நீங்க நிம்மதியா இருங்க."

மகளிடம் கேட்டதற்கும் அதே பதில்தான். வாசனையா, பேச்சுக்குக்கூட இல்லை அப்பா என்றாள். காய்கறிக்காரர், பேப்பர் போடுகிறவர், எதிர்க் கடை தையல்காரர், யாரைக் கேட்டாலும் இல்லை, இல்லவே இல்லை. தையல்காரர் ஒரு படி மேலே போய், உங்கள் கடை இருக்கிற இடமே தெரியவில்லை என்றார். மாஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே சாட்சி மாடியம்மா. மெஷின் ஓட ஆரம்பித்ததிலிருந்து மாடியில் ஒரு இடி கூட விழவில்லை. ஊரில் யார் மூக்கை நம்பாவிட்டாலும் அந்த மூக்கை நம்பலாம். அது சும்மா இருக்கிறதென்றால் வாசனை உண்மையாகவே செத்துப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

மாஸ்டருக்கு அந்த நங் சத்தம் வேண்டியிருந்தது. அது வந்தால் கடை போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? போனால் போகட்டும், அவள் வாசனை இல்லாத கடையை வைத்துக்கொண்டு மீனை மட்டும் விற்று என்ன செய்வது என்ற இடத்துக்கு அவர் வந்திருந்தார். எந்தச் சத்தத்துக்குப் பயந்து இத்தனை வருஷம் கூரையைப் பார்த்துக்கொண்டே பொரித்தாரோ, அதே சத்தத்துக்காக இப்போது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

முதலில் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் தளர்த்திவிட முடியுமா என்று கேட்டார். எதைத் தளர்த்த என்று அவருக்கு விளங்கவில்லை. மாஸ்டர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். கம்பெனிக்காரர் டையைச் சரிசெய்துகொண்டார். மெஷின் விற்க ஆரம்பித்த நாளிலிருந்து, புகை வருகிறது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். சொல்லிவிட்டு ஒரு புதுத் துணியால் மெஷினைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று மாஸ்டர் ஸ்டூல் போட்டு ஏறி, மெஷின் தலையிலிருந்த ஃபில்டரைக் கழற்றி எடுத்துவிட்டார். மதிய நேரம். கூடை நிறைய மீன் எண்ணெய்க்குள் இறங்கியிருந்தது. மெஷின் கீ கீ என்று கத்தியது. பிறகு இரண்டு கதவுகளையும் தானே இறுக்கி மூடிக்கொண்டு செத்தது போல நின்றுவிட்டது. மாஸ்டர் ஃபில்டரைத் திருப்பி மாட்டினார். திறக்கவில்லை. தட்டினார், கெஞ்சினார், பக்கவாட்டில் ஒரு உதையும் கொடுத்தார். உள்ளே பாதி வெந்த மீன், வெளியே பசியோடு ஆட்கள். மகள் எல்லோருக்கும் ரொட்டியும் வெங்காயமும் வைத்துச் சமாளித்தாள். கம்பெனிக்காரர் வந்து திறந்தபோது மீன் எண்ணெயோடு எண்ணெயாகியிருந்தது. ஃபில்டர் இல்லாவிட்டால் இது ஓடாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள், இனிமேல் கைவைக்காதீர்கள் என்று அவர் கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மெஷினில் கைவைக்க வழியில்லை என்றால் மீனில் வைக்கலாம் அல்லவா? பெட்டி எவ்வளவுதான் தின்னும், ஒரு அளவுக்கு மேல் அதற்கும் ஏப்பம் வரத்தானே வேண்டும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். அடுத்த நாளிலிருந்து பூண்டு இரண்டு பங்கு, மிளகு மூன்று பங்கு, காய்ந்த மிளகாய் கைக்கு வந்தபடி. அவர் சமைக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கமே கிடையாது. உப்போ காரமோ, மூக்கு போதும் என்று சொல்லும், நிறுத்துவார். இப்போது போதும் என்று சொல்ல யாரும் இல்லாததால் நிறுத்தவும் தோன்றவில்லை.

டிரைவர் முதல் துண்டை வாயில் வைத்தார். அவர் முகம் செங்கல் நிறமானது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தார், விக்கினார், தும்மினார், தும்மி முடிப்பதற்குள் இன்னொரு தும்மல் வந்தது.

"என்ன டிரைவரே, வாசனை வருதா?" என்று மாஸ்டர் ஆவலாகக் கேட்டார்.

"இல்ல மாஸ்டர்" என்றார் டிரைவர், கண்ணில் நீர் வழிய. "எனக்குச் சளி."

மறுநாளும் அவர் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, ஒரு கைக்குட்டையை ஈரமாக்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் அவ்வளவு உறுதியாக இல்லை. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடையில் காலி நாற்காலிகள் கூடின. வாசனை தெருவுக்குப் போனால்தானே ஆள் உள்ளே வருவான் என்று மாஸ்டர் அதற்கும் மெஷினைத்தான் திட்டினார். மகள் ஒருநாள் தயங்கி, காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதோ அப்பா என்றாள். மெஷின் தின்றது போக மிச்சம்தானம்மா நமக்கு வருகிறது என்று அவர் சொன்ன பதிலைக் கேட்டு அவள் உள்ளே போய்த் தனியாக அழுதாள். மாஸ்டர் அதைப் பார்க்கவில்லை.

மாடியிலிருந்து மூச்சு இல்லை.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஒற்றை அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில், மாடியம்மாவின் பால்கனிக்கு நேர் கீழே வைத்தார். மெஷினுக்கும் இதற்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, அதன் இழுப்பு இங்கே வராது என்பது திட்டம். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தை அள்ளிப் போட்டார். பிறகு, வீட்டில் துணியில் சுற்றி வைத்திருந்த அந்தத் தகர டப்பாவைத் திறந்தார். மனைவி அரைத்த பொடியில் அதுதான் மிச்சம். இனி அப்படி ஒரு பொடி எந்தக் காலத்திலும் கிடையாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு முழுவதையும் வாணலியில் கொட்டினார்.

புகை குபுகுபுவென்று கிளம்பியது. ஒரு அட்டையை எடுத்து மேல்நோக்கி விசிறினார். குனிந்து, வாணலிக்கு மேலேயே முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார். தொண்டை எரிந்தது, கண் எரிந்தது, இருமல் பிடித்துக்கொண்டது. அவள் வரவில்லை. பொடி கறுத்துப் போகிறவரை அப்படியே குனிந்து இருந்தார்.

மேலே பால்கனியில் மாடியம்மா வந்து நின்றார். மாஸ்டர் நிமிர்ந்து ஏக்கத்தோடு பார்த்தார். மாடியம்மா கீழே அவரையும் வாணலியையும் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த போர்வைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாடியம்மா பேசவில்லையே தவிர, சந்தின் அந்தக் கோடியில் இருந்தவர்கள் பேசினார்கள். கட்டடம் தீப்பிடித்துக்கொண்டது என்று யாரோ சொல்லி, தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வந்துவிட்டது. நாலு ஆட்கள் குழாயோடு குதித்து ஓடிவந்து, ஒரு வாணலி வெங்காயத்தை அணைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியம் ஓனர் வந்தார். முழங்கால் வலிக்காரர், ஆகவே வரும்போதே பாதிக் கோபத்தில் இருந்தார். மகள் அடுப்படியில் மீன் போட்டுக்கொண்டிருந்தாள், டிரைவர் ஈரக் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஓனர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து நிதானமாகவே பேசினார். தீயணைப்பு வண்டி விஷயத்தை இந்த ஒரு தடவை மறந்துவிடுவதாகவும், துக்கம் நடந்த இடம் என்பதால் பொறுத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆனால் பழைய பேச்சு பேச்சுதான்.

"மாடியிலேர்ந்து ஒரே ஒரு சத்தம் வரட்டும், அன்னைக்கே சாவியைக் குடுத்துடணும்" என்றார்.

அவர் வாயை மூடவில்லை. மேலே நங்கென்று விழுந்தது.

மகள் கையிலிருந்த கூடை நழுவியது. டிரைவர் எழுந்துவிட்டார். ஓனர் கூரையைப் பார்த்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டரின் முகம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி மலர்ந்திருந்தது.

"வந்துடுச்சு" என்றார் மாஸ்டர். இடுப்புத் துண்டை அவிழ்க்கக்கூடச் செய்யாமல் மாடிப்படியில் ஓடினார். ஓனர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலோடு பின்னால் ஏறினார்.

மாடியம்மா கதவைத் திறந்தபோது மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. அவர் எதுவும் கேட்பதற்குள் மாடியம்மா முந்திக்கொண்டார். பரணிலிருந்து டப்பா எடுக்க ஏறினாராம், ஸ்டூல் கவிழ்ந்துவிட்டதாம், சத்தத்துக்கு மன்னிக்கவேண்டுமாம். வேறு எதற்காகவும் இல்லை, தப்பாக நினைக்கவேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். மாஸ்டரின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது.

அதற்குள் ஓனரும் வந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, கீழேருந்து வாசனை வருதா? தைரியமா சொல்லுங்க."

"வாசனையா?" என்றார் மாடியம்மா. "எனக்கு ஒண்ணும் வரலையே."

நிஜமாகவா என்று ஓனர் மறுபடி கேட்டார். எனக்கு வந்தால் இந்தக் கட்டடமே அறியாதா, நான் சும்மா இருக்கிற ஆளா என்று மாடியம்மா திருப்பிக் கேட்டார். ஓனர் வீணாக ஏறிவந்த படிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

கடை பிழைத்தது. மாஸ்டர் உள்ளே வந்து, மாடியம்மாவின் அடுப்படி வாசலை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, இடுப்புத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மாடியம்மா என்ன செய்வது என்று தெரியாமல் பால்கனிப் பக்கம் போய் நின்றார், பிறகு இரண்டு அடி திரும்பி வந்தார்.

"நீங்க குறை சொல்வீங்கன்னு நெனச்சு ஓடி வந்தேம்மா" என்றார் மாஸ்டர்.

"நான் சொல்ல மாட்டேண்ணே. பயப்படாதீங்க."

"பயமில்ல. நீங்க சொல்லணும்." துண்டை எடுக்காமலே பேசினார். "ஒரு தடவையாவது சொல்லணும். அவ வாசனை கடையில இல்லம்மா. வீட்லயும் இல்ல. அந்த மெஷின் எல்லாத்தையும் தின்னுடுச்சு. நேத்து அவ அரைச்ச பொடி பூராத்தையும் போட்டு வறுத்தேன், மூஞ்சியை உள்ள விட்டுக்கிட்டு நின்னேன், ஒரு துளி வரல. நீங்களாவது நாத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா, எங்கேயோ இருக்கான்னு நெனச்சுக்குவேன். அவளை வழியனுப்பக்கூட நான் எந்திரிச்சு நிக்கலம்மா."

அப்போது கீழே மகள் அடுத்த கூடையைப் போட்டிருக்கவேண்டும், மெஷின் உறுமுகிற சத்தம் தரை வழியாகக் கேட்டது. மாடியம்மா திடீரென்று தலையை உயர்த்தி, ஐயோ பால் என்று சொல்லிக்கொண்டே மாஸ்டரைத் தாண்டி அடுப்படிக்குள் ஓடினார். அடுப்பை அணைக்கும் சத்தமும், பாத்திரத்தை வெடுக்கென்று இறக்கும் சத்தமும் கேட்டன. பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அடியில் பால் கரியாகப் பிடித்திருந்தது. அவர் மாஸ்டரையும், மாஸ்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த கையகல இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை பக்கத்துல உக்காந்திருக்கீங்களே, தீஞ்ச நாத்தம் தெரியலையா?"

மாஸ்டர் துண்டை எடுத்தார். பாத்திரத்தைப் பார்த்தார். எழுந்து, அதற்குள் முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தார். பிறகு தரையைக் குனிந்து பார்த்து, தோற்றுப்போன குரலில் சொன்னார்.

"இங்க வரைக்கும் இழுக்குதேம்மா, அந்த மெஷின்."

மாடியம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"வாசனை ஒருநாள்கூட நிக்கலண்ணே. இப்பகூட வீடு பூரா உங்க மீன் வாசனைதான். அக்கா போனதுலேர்ந்து குறை சொல்ல எனக்குத்தான் மனசு வரல."